நிலக்கடலையைத் தள்ளிவைத்த நாடுகள்: குழந்தைகளின் ஒவ்வாமை ஏன் மாறிக்கொண்டே இருக்கிறது?

இஸ்ரேலில் பம்பா என்று ஒரு நொறுக்குத்தீனி உண்டு. மக்காச்சோளப் பொரியின் மேல் நிலக்கடலை விழுதைப் பூசிய, விரல் பருமனுள்ள துண்டுகள். எடையில் ஏறத்தாழ பாதி நிலக்கடலைதான். வாயில் வைத்ததும் கரைந்துவிடும் என்பதால், பல் முளைக்காத குழந்தையின் கையிலும் ஒன்றைக் கொடுத்து உட்காரவைத்துவிடுவார்கள். 1960களிலிருந்தே அங்கே இது கடைகளில் கிடைக்கிறது.

லண்டனில் குழந்தைகளின் ஒவ்வாமைக்கு மருத்துவம் பார்க்கும் கிடியன் லாக் ஒருமுறை டெல் அவிவ் நகரில் சுமார் இருநூறு மருத்துவர்கள் முன் பேசினார். கடந்த ஓராண்டில் நிலக்கடலை ஒவ்வாமை உள்ள குழந்தையைப் பார்த்தவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டார். இரண்டு, மூன்று கைகள்தாம் எழுந்தன. அதே கேள்வியை லண்டனில் கேட்டிருந்தால் அரங்கில் கிட்டத்தட்ட எல்லோரும் கையைத் தூக்கியிருப்பார்கள்.

வியந்ததோடு நின்றுவிடாமல், லாக்கின் குழுவினர் இரு நாடுகளிலும் யூதப் பள்ளிக் குழந்தைகளைக் கணக்கெடுத்தார்கள். பரம்பரை ஏறத்தாழ ஒன்று, வளரும் ஊர் மட்டும் வேறு. 2008இல் வெளியான அந்த ஆய்வின்படி, பிரிட்டனில் வளர்ந்தவர்களில் 1.85 சதவீதத்தினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை இருந்தது. இஸ்ரேலில் அது 0.17 சதவீதம். பத்து மடங்கு வித்தியாசம்.

குழந்தைகளின் ஒவ்வாமையைப் பற்றிப் புதிதாகப் படிக்க வருபவர்கள் இந்தப் பத்து மடங்கிலிருந்து தொடங்குவது நல்லது என்று நினைக்கிறேன். பரம்பரைக்கு நிச்சயம் பங்கு உண்டு. பெற்றோருக்கு ஆஸ்துமாவோ, தோல் சிவந்து அரிக்கும் கரப்பான் நோயோ இருந்தால் பிள்ளைக்கும் வரும் வாய்ப்பு கூடுகிறது. ஆனால் ஒரே தலைமுறையில், ஒரே வம்சத்தில், ஊர் மாறியதும் நோய் பத்து மடங்காகிறது என்றால், அதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல முடியாது. ஒரு பொருளை உடல் முதன்முதலில் எந்த வழியாக, எந்த வயதில், எத்தகைய நுண்ணுயிர்களின் நடுவே சந்திக்கிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உடல் குறித்துவைத்துக்கொள்வது

தீங்கில்லாத ஒரு பொருளை எதிரி என்று எடுத்துக்கொண்டு நோய் எதிர்ப்பு மண்டலம் சண்டைக்கு நிற்பதுதான் ஒவ்வாமை. இந்தச் சண்டையில் முக்கியமான ஆயுதம் ஐஜிஇ என்ற எதிர்ப்பொருள். 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் வேலை செய்த ஜப்பானியத் தம்பதியான இஷிசாக்காக்களும், சுவீடனில் யோஹான்சன், பென்னிக் ஆகியோரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். குடற்புழு போன்ற ஒட்டுண்ணிகளை விரட்டவே இது உருவாகியிருக்க வேண்டும் என்று கருதப்படுகிறது. ஒட்டுண்ணி இல்லாத இடத்தில் அதே ஆயுதம் நிலக்கடலையின் மீதும் மகரந்தத்தின் மீதும் திரும்பிவிடுகிறது.

ஒவ்வாமை இரண்டு படிகளில் வருகிறது. முதல் படியில் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு புரதம் உடலுக்குள் வருகிறது, அதற்கென்றே பொருந்தும் ஐஜிஇ உருவாகிறது. அது தோல், மூக்கின் உட்சவ்வு, மூச்சுக்குழாய், குடல் ஆகிய இடங்களில் இருக்கும், மாஸ்ட் செல்கள் என்ற எதிர்ப்பு மண்டலச் செல்களின் மேல் போய் உட்கார்ந்துகொள்கிறது. குழந்தைக்கு அரிப்பு இல்லை, தும்மல் இல்லை. உடல் அந்தப் பொருளைக் குறித்துவைத்துக்கொண்டது, அவ்வளவுதான். மருத்துவத்தில் இந்த நிலைக்குக் கூருணர்வு என்று பெயர்.

இரண்டாவது படியில் அதே புரதம் மறுபடி வந்து, காத்திருக்கும் ஐஜிஇயில் ஒட்டுகிறது. மாஸ்ட் செல்லிலிருந்து ஹிஸ்டமினும் வேறு சில வேதிப்பொருள்களும் கொட்டுகின்றன. தோலில் கொட்டினால் காணாக்கடி போலத் தடிப்பு எழும். மூக்கில் என்றால் அடுக்குத் தும்மல், மூச்சுக்குழாயில் என்றால் இளைப்பு, குடலில் என்றால் வாந்தி. பல இடங்களில் ஒரே நேரத்தில் நடந்து, ரத்த அழுத்தம் விழுந்து, மூச்சு திணறினால் அது உயிருக்கு ஆபத்தான அனஃபிலாக்சிஸ்.

முதல் படியில் நிற்கும் குழந்தைகளில் பலர் இரண்டாவது படிக்குப் போவதே இல்லை. ஒவ்வாமையைப் பற்றி ஒரே ஒரு செய்தியைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

தோல் பரிசோதனையை அருகிலிருந்து பார்த்தால் இது புரியும். குழந்தையின் முன்கையில் பேனாவால் சிறு கோடுகள் இடுவார்கள். ஒவ்வொரு கோட்டின் அருகிலும் ஒரு சொட்டு: ஒன்றில் வீட்டுத் தூசியில் வாழும் நுண்ணிய பூச்சியான தூசி உண்ணியின் சாறு, இன்னொன்றில் முட்டை, மற்றொன்றில் நிலக்கடலை. ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சொட்டு ஹிஸ்டமின், ஒரு சொட்டு வெறும் உப்புநீர். ஒவ்வொரு சொட்டின் வழியாகவும் சிறு ஊசி முனையால் தோலின் மேற்பரப்பை லேசாகக் குத்திவிட்டு, பதினைந்து நிமிடம் காத்திருப்பார்கள். கொசுக்கடி போல எழும் தடிப்பை அளவுகோலால் அளப்பார்கள். உப்புநீர் இட்ட இடத்தைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பெரிதாக இருந்தால் பாசிட்டிவ். அந்தப் பொருளுக்கு உடலில் ஐஜிஇ இருக்கிறது என்பதே அதற்கு அர்த்தம். அதைச் சாப்பிட்டால் குழந்தைக்கு என்ன ஆகும் என்பதை அந்தத் தடிப்பு மட்டும் சொல்லிவிடாது.

இந்தியாவுக்கே இதற்கு நல்ல சான்று இருக்கிறது. ஐரோப்பிய ஆய்வுத் திட்டம் ஒன்றின் பகுதியாகச் சீனா, ரஷ்யா ஆகியவற்றோடு பெங்களூரு, மைசூரு பகுதியின் பள்ளிக் குழந்தைகளையும் ஆராய்ந்தார்கள். அதன் முடிவுகள் 2020இல் வெளியாயின. தென்னிந்தியக் குழந்தைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவரின் ரத்தத்தில் ஏதாவது ஓர் உணவுக்கு எதிரான ஐஜிஇ இருந்தது. ஆனால் சாப்பிட்டால் உண்மையிலேயே ஒவ்வாமை வரக்கூடியவர்கள் என்று கணிக்கப்பட்டவர்கள் 0.14 சதவீதம் மட்டுமே. அதே பகுதியின் பெரியவர்களிடமும் இதே இடைவெளிதான்: ஐஜிஇ 26.5 சதவீதம், ஒவ்வாமை 1.2 சதவீதம்.

இவ்வளவு பெரிய இடைவெளி எப்படி வருகிறது? ஒரு காரணம், புரதங்களின் உருவ ஒற்றுமை. தூசி உண்ணி, கரப்பான்பூச்சி, இறால் மூன்றின் தசையிலும் டிரோபோமயோசின் என்ற புரதம் கிட்டத்தட்ட ஒரே வடிவில் இருக்கிறது. மெத்தையிலிருக்கும் தூசி உண்ணிக்கு எதிராக உருவான ஐஜிஇ, பரிசோதனைக் குழாயில் இறாலோடும் ஒட்டிக்கொள்ளும். வாரந்தோறும் இறால் தொக்கு சாப்பிட்டு நன்றாக இருக்கும் பிள்ளையின் அறிக்கையிலும் இறால் பாசிட்டிவ் என்று வருவது இப்படித்தான். கானா நாட்டின் பள்ளிக் குழந்தைகளிடம் இன்னொரு காரணம் தெரியவந்தது. அவர்களில் ஏறத்தாழ ஆறில் ஒருவருக்கு ரத்தத்தில் நிலக்கடலை ஐஜிஇ இருந்தது, ஆனால் தோல் பரிசோதனையில் பாசிட்டிவ் ஆனவர்கள் 2 சதவீதம்தான். சிஸ்டோசோமா என்ற புழுத் தொற்றுக்கு எதிராக உருவான ஐஜிஇ, நிலக்கடலைப் புரதத்தில் ஒட்டியிருக்கும் சர்க்கரை அமைப்பையும் பிடித்துக்கொண்டதுதான் காரணம்.

இதையெல்லாம் இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊரில் ரத்தப் பரிசோதனைக் கூடங்கள் அலர்ஜி பேனல் என்ற பெயரில் அறுபது, எழுபது பொருள்களுக்கு ஒரே சீட்டில் முடிவு தருகின்றன. எனக்கு உறவான ஒரு தாய் அப்படி ஒரு சீட்டோடு வந்தார். பால், முட்டை, கோதுமை, துவரம்பருப்பு, கத்திரிக்காய், இறால் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் சிவப்புக் குறி. குழந்தைக்கு இருந்ததோ முழங்கை மடிப்பில் கரப்பான் மட்டும். சீட்டை நம்பி எல்லாவற்றையும் நிறுத்தியதில் நான்கு வயதுப் பிள்ளை சோறும் ரசமுமாக மெலிந்துபோயிருந்தது. இதைப் பார்க்கும்போது எனக்குக் கோபமே வருகிறது. குழந்தை தொல்லையில்லாமல் சாப்பிட்டுவந்த உணவை, காகிதத்தில் இருக்கும் ஓர் எண்ணுக்காக நிறுத்துவது வளர்ச்சியைக் கெடுக்கும். அதைவிட மோசமாக, அதுவரை இல்லாத ஒவ்வாமையை வரவழைக்கவும் கூடும். எப்படி என்று பின்னால் சொல்கிறேன்.

இரண்டு அலைகள்

ஒவ்வாமை நோய்களின் பெருக்கம் இரண்டு அலைகளாக வந்தது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு ஐரோப்பா, வட அமெரிக்கா, ஆஸ்திரேலியா ஆகிய இடங்களில் ஆஸ்துமாவும் மகரந்தத் தும்மலும் குழந்தைகளிடையே ஏறின. பிறகு அந்த நாடுகளில் பலவற்றில் ஆஸ்துமாவின் ஏற்றம் தணிந்தது. 1990களை ஒட்டி உணவு ஒவ்வாமை என்ற இரண்டாவது அலை எழுந்தது. அமெரிக்காவில் தொலைபேசி வழியே நடந்த கணக்கெடுப்புகளில், நிலக்கடலை ஒவ்வாமை உள்ளதாகச் சொல்லப்பட்ட குழந்தைகள் 1997இல் 0.4 சதவீதம், 2008இல் 1.4 சதவீதம். மெல்போர்னில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஒரு வயதுக் குழந்தைகளை மருத்துவமனைக் கண்காணிப்பில் உணவு கொடுத்தே சோதித்தபோது, பத்தில் ஒருவருக்கும் மேல் உணவு ஒவ்வாமை உறுதியானது.

முதல் அலையைப் புரிந்துகொள்ள ஜெர்மனியைப் பார்க்க வேண்டும். பெர்லின் சுவர் விழுந்ததும், எரிகா ஃபொன் மூட்டியுஸ் என்ற மியூனிக் மருத்துவர் கிழக்கு, மேற்கு ஜெர்மனிக் குழந்தைகளை ஒப்பிட்டார். கிழக்கில் நிலக்கரிப் புகையும் ஆலைப் புகையும் அதிகம். அங்கேதான் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் மிகுந்திருக்கும் என்பதே அன்றைய எதிர்பார்ப்பு. முடிவு தலைகீழாக இருந்தது. கிழக்கில் மூச்சுக்குழாய் அழற்சியும் இருமலும் அதிகம், ஆனால் ஒவ்வாமையும் மகரந்தத் தும்மலும் மேற்கில்தான் அதிகம். கிழக்கின் பிள்ளைகள் கைக்குழந்தைப் பருவத்திலேயே காப்பகங்களில் கூட்டமாக வளர்ந்தவர்கள், ஒருவரிடமிருந்து ஒருவர் சளிக்காய்ச்சலை வாங்கிக்கொண்டவர்கள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் இன்னும் கவனிக்க வேண்டியது. கிழக்கு நகரமான லைப்சிக்கில் 9 முதல் 11 வயதுப் பிள்ளைகளை 1991-92இலும் 1995-96இலும் ஆராய்ந்தார்கள். நாடு ஒன்றான அந்தச் சில ஆண்டுகளுக்குள், கூருணர்வு பெற்ற குழந்தைகள் 19 சதவீதத்திலிருந்து ஏறத்தாழ 27 சதவீதமாகவும், மகரந்தத் தும்மல் உள்ளவர்கள் இரு மடங்குக்கும் மேலாகவும் கூடியிருந்தார்கள். அதே நகரம், அதே மக்கள், வாழும் முறை மட்டும் மேற்கத்தியதாக மாறிக்கொண்டிருந்தது. ஆஸ்துமா அப்போது கூடவில்லை.

இதற்குச் சற்று முன்பு, 1989இல், டேவிட் ஸ்ட்ரேச்சன் என்ற ஆய்வாளர் பிரிட்டனில் 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிறந்த பதினேழாயிரத்துக்கும் மேற்பட்டோரின் தகவல்களை அலசியிருந்தார். மூத்த உடன்பிறப்புகள் எத்தனை அதிகமோ, மகரந்தத் தும்மல் அத்தனை குறைவு. சிறுவயதில் அண்ணன், அக்காவிடமிருந்து தொற்றுகள் வருவது பாதுகாப்பாக அமைகிறது என்று அவர் ஊகித்தார். இது சுகாதாரக் கருதுகோள் என்ற பெயரில் பரவி, அழுக்காக இருந்தால் ஒவ்வாமை வராது என்று திரிந்தும் போனது. அந்தத் திரிபை நான் ஏற்கவில்லை. மலம் கழித்தபின் கை கழுவாததால் வரும் வயிற்றுப்போக்கு எந்தக் குழந்தையையும் ஒவ்வாமையிலிருந்து காப்பாற்றாது. பிற்கால ஆய்வுகள் காட்டுவது வேறு: மண், மாடு, தொழுவம், பலவகை உணவு, நெருங்கிய குடும்பம் ஆகியவற்றிலிருந்து வரும் தீங்கற்ற நுண்ணுயிர்களின் பன்மைதான் எதிர்ப்பு மண்டலத்துக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுக்கிறது.

அமெரிக்காவில் அமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள் இருக்கின்றன. இரண்டும் ஐரோப்பாவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தவை, மரபணுவில் நெருங்கியவை, இரண்டிலும் தொலைக்காட்சி கிடையாது, பெரிய குடும்பங்கள். அமிஷ் வீட்டருகே குதிரையும் மாடும் கட்டிய தொழுவம் இருக்கும், குழந்தைகள் தவழும் வயதிலேயே அங்கே போய்விடுவார்கள். ஹட்டரைட் மக்களின் பண்ணைகள் இயந்திரமயமானவை, வீடுகளிலிருந்து தள்ளி இருப்பவை. 2016இல் வெளியான ஆய்வின்படி ஆஸ்துமா அமிஷ் குழந்தைகளில் 5.2 சதவீதம், ஹட்டரைட் குழந்தைகளில் 21.3 சதவீதம். கூருணர்வு 7.2 சதவீதமும் 33.3 சதவீதமும். அமிஷ் வீட்டுத் தூசியில் பாக்டீரியாவின் உறையிலிருந்து வரும் எண்டோடாக்சின் ஏழு மடங்கு வரை அதிகம். இரண்டு சமூகத்திலும் குழந்தைகள் சுத்தமாகவே வளர்க்கப்படுகிறார்கள்.

எந்தப் பொருள் என்பதை ஊர் முடிவு செய்கிறது

ஒவ்வாமைக்குச் சாய்வுள்ள குழந்தை எதற்கு ஒவ்வாமை கொள்ளும் என்பது, சுற்றிலும் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சிங்கப்பூரில் 1990களில் குழந்தைகளுக்கு உணவால் வரும் அனஃபிலாக்சிஸுக்கு முதல் காரணமாக இருந்தது பறவைக்கூடு சூப். உழவாரன் குருவி தன் எச்சிலால் கட்டும் கூட்டை வேகவைத்து, சத்துணவு என்று சீனக் குடும்பங்கள் பிள்ளைகளுக்குக் கொடுப்பார்கள். அடுத்த பத்தாண்டில் நடந்த ஆய்வில் நிலக்கடலை அந்த இடத்தைப் பிடித்துவிட்டது.

ஜப்பானில் இரண்டு மாற்றங்கள். போருக்குப் பிறகு மலைகளெங்கும் நட்ட சுகி என்ற ஊசியிலை மரங்கள் வளர்ந்து முற்றி, ஆண்டுதோறும் வசந்தத்தில் மகரந்தத்தைக் கொட்டுகின்றன. காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் குடும்பங்களில் நடக்கும் நாடளாவிய கணக்கெடுப்பில், 5 முதல் 9 வயதுக் குழந்தைகளில் சுகி ஒவ்வாமை 1998இல் 7.5 சதவீதம், 2019இல் 30 சதவீதம். இன்னொன்று வால்நட். அதை உண்ணும் பழக்கம் பரவியதோடு ஒவ்வாமையும் ஏறியதால், 2023இல் உணவுப் பொட்டலங்களில் கட்டாயம் குறிப்பிட வேண்டியவற்றில் வால்நட்டையும் சேர்த்தார்கள்.

மெல்போர்ன் ஆய்வு சொன்ன இன்னொரு செய்தி, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பங்களும் அறிந்துவைக்க வேண்டியது. கிழக்காசியாவிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு ஆஸ்திரேலியாவில் பிறந்த குழந்தைகளிடம், ஆஸ்திரேலியப் பெற்றோரின் குழந்தைகளைவிட நிலக்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தது. ஆசியாவிலேயே பிறந்து, வளர்ந்த பிறகு குடிபெயர்ந்த பிள்ளைகளிடம் அந்த ஆபத்து குறைவு என்று வேறு ஆய்வுகள் காட்டின. வாழ்க்கையின் முதல் ஓரிரு ஆண்டுகள் எங்கே கழிகின்றன என்பதற்கு அவ்வளவு கனம் இருக்கிறது.

வாய் வழியும் தோல் வழியும்

இப்போது நிலக்கடலைக்குத் திரும்பலாம். ஒவ்வாமை ஏறுவதைக் கண்ட பிரிட்டன் 1998இலும், அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2000இலும் ஓர் அறிவுரை வழங்கின: ஒவ்வாமைச் சாய்வுள்ள குடும்பங்களில் குழந்தைக்கு மூன்று வயதாகும் வரை நிலக்கடலை வேண்டாம். கேட்கும்போது நியாயமாகவே தோன்றுகிறது. எரிக்கும் என்று தெரிந்த ஒன்றைத் தள்ளிவைப்பதுதானே முன்னெச்சரிக்கை? பெற்றோர் கேட்டு நடந்தார்கள். ஒவ்வாமை குறையவில்லை, ஏறிக்கொண்டே போனது. 2008-09இல் இரு நாடுகளும் அந்த அறிவுரையைக் கைவிட்டன.

எங்கே பிசகியது? குடல் என்பது பிறந்த நாள்முதல் அந்நியப் புரதங்களைச் சந்திக்கும் இடம். வாய் வழியாக, சிறு வயதில், அடிக்கடி வரும் புரதத்தை உணவு என்று ஏற்றுக்கொள்ளும் பயிற்சி குடலின் எதிர்ப்பு மண்டலத்துக்கு உண்டு. தோலின் பழக்கம் வேறு. தோலைத் தாண்டி உள்ளே வருவது ஊசியோ, ஒட்டுண்ணியோ, காயத்துக் கிருமியோதான் என்பது போல அது நடந்துகொள்கிறது. கரப்பான் உள்ள குழந்தையின் தோல் சாந்து உதிர்ந்த செங்கல் சுவர் போன்றது, இடுக்கு வழியே எதுவும் நுழையலாம். தோலின் காப்புறையை உறுதியாக வைத்திருக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறையிருப்பவர்களுக்குக் கரப்பான் எளிதில் வருகிறது என்பதை 2006இல் ஸ்காட்லாந்தின் டண்டீ பல்கலைக்கழகத்தில் கண்டறிந்தார்கள்.

குழந்தைக்கு நிலக்கடலை ஊட்டவில்லை என்றாலும், வீட்டில் மற்றவர்கள் அதைத் தின்றுகொண்டுதான் இருந்தார்கள். துகள் சோபாவில், படுக்கையில், அம்மாவின் விரலில். வாய் வழி மூடியிருக்க, விரிசல் விட்ட தோல் வழியாகவே குழந்தையின் உடல் நிலக்கடலையை முதலில் சந்தித்து, எதிரி என்று குறித்துவைத்தது. லாக் முன்வைத்த விளக்கம் இதுதான். 2003இல் வெளியான அவருடைய பிரிட்டன் ஆய்வு ஒன்றில், நிலக்கடலை எண்ணெய் கலந்த களிம்புகளைத் தடவிய குழந்தைகளிடம் நிலக்கடலை ஒவ்வாமை அதிகமாகக் காணப்பட்டது. ஜப்பானில் நீரால் பகுக்கப்பட்ட கோதுமைப் புரதம் கலந்த ஒரு முகச் சோப்பைப் பயன்படுத்தி, அதுவரை ரொட்டியும் நூடுல்ஸும் சாப்பிட்டு வாழ்ந்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் கோதுமை ஒவ்வாமைக்கு ஆளானார்கள்.

இதைப் படித்தபோது எனக்கு நம் வீட்டுக் குளியலறைதான் நினைவுக்கு வந்தது. கடலை மாவும் பயத்தம் மாவும் தேய்த்துக் குழந்தையைக் குளிப்பாட்டுகிறோம். தோல் வழுவழுவென்று நன்றாக இருக்கும் குழந்தைக்கு இதனால் கேடு என்று நான் சொல்ல வரவில்லை. கன்னமும் மடிப்புகளும் சிவந்து, சொறிந்து நீர் கசியும் கரப்பான் உள்ள குழந்தைக்கு மட்டும், உண்ணும் பொருள் எதையும் அந்தப் புண்ணில் தேய்க்க வேண்டாம். முதலில் கரப்பானை ஆற்றுங்கள். மருத்துவர் எழுதித் தரும் ஸ்டிராய்டு களிம்பைக் கண்டு அஞ்சிப் பாதியில் நிறுத்துவதால் தோல் மாதக்கணக்கில் திறந்தே கிடக்கிறது. பிறந்த குழந்தைகள் எல்லோருக்கும் ஈரப்பதக் களிம்பு தடவினால் கரப்பானே வராது என்றும் ஒரு நம்பிக்கை இருந்தது. பிரிட்டனிலும் நார்வே, சுவீடன் நாடுகளிலும் நடந்த பெரிய சோதனைகளின் முடிவுகள் 2020இல் வந்தபோது அது பொய்த்துப்போனது.

ஊட்டினால் தடுக்கலாமா என்பதை லாக்கின் குழு நேரடியாகச் சோதித்தது. கடும் கரப்பானோ, முட்டை ஒவ்வாமையோ உள்ள 640 குழந்தைகள், வயது நான்கு முதல் பதினொரு மாதத்துக்குள். பாதிப் பேருக்கு நிலக்கடலை முழுவதும் விலக்கு. மறுபாதிக்கு வாரத்துக்கு மூன்று முறையாவது, மொத்தம் 6 கிராம் நிலக்கடலைப் புரதம், அதாவது ஏறத்தாழ 24 கிராம் கடலை. ஐந்து வயது வரை இப்படி. 2015இல் முடிவு வந்தது: விலக்கியவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு நிலக்கடலை ஒவ்வாமை, உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு. தொடக்கத்திலேயே தோல் பரிசோதனையில் சிறிய தடிப்பு காட்டிய, அதாவது கூருணர்வு தொடங்கிவிட்ட குழந்தைகளைத் தனியே பார்த்தாலும் 35.3 சதவீதத்துக்கு எதிராக 10.6 சதவீதம்தான். முதல் படி ஏறிவிட்ட குழந்தையையும் இரண்டாவது படிக்குப் போகாமல் தடுக்க முடிந்தது. பேனல் சீட்டைப் பார்த்து உணவை நிறுத்துவது ஒவ்வாமையை வரவழைக்கக்கூடும் என்று மேலே சொன்னதற்கு ஆதாரம் இங்கே இருக்கிறது.

வீட்டில் செய்யக்கூடியது

ஆறு மாதத்தை ஒட்டி இணை உணவு தொடங்கும்போதே நிலக்கடலை, முட்டை, கோதுமை, எள், மீன் எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாக அறிமுகப்படுத்தலாம், தாய்ப்பாலும் தொடரலாம். நிலக்கடலையை வறுத்துத் தோல் நீக்கி, நைசாக அரைத்து, கஞ்சியிலோ மசித்த வாழைப்பழத்திலோ கலந்து கால் தேக்கரண்டியிலிருந்து தொடங்குங்கள். முழுக் கடலையோ உடைத்த பருப்போ ஐந்து வயது வரை கையில் கொடுக்க வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கும். ஒருமுறை ஊட்டி ஒத்துக்கொண்டதும் விட்டுவிடாமல் வாரந்தோறும் கொடுத்துவருவது முக்கியம். கடும் கரப்பான் உள்ள குழந்தைக்கும், ஏற்கெனவே ஏதாவது உணவில் தடிப்போ வாந்தியோ வந்த குழந்தைக்கும் மருத்துவரின் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

சாப்பிட்ட சில நிமிடங்களிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் உடல் முழுக்கத் தடிப்பு, உதடும் முகமும் வீக்கம், குரல் கம்முதல், இளைப்பு, அடுத்தடுத்து வாந்தி, குழந்தை துவண்டுபோதல் ஆகியவற்றில் சில சேர்ந்து வந்தால் தாமதிக்காதீர்கள். தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான் முதல் மருந்து. அலர்ஜி மாத்திரை அரிப்பை அடக்கும், மூச்சுத் திணறலையும் ரத்த அழுத்தம் விழுவதையும் நிறுத்தாது. படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்தி, மூச்சு வாங்கினால் சாய்த்து உட்காரவைத்து, மருத்துவமனைக்கு விரையுங்கள். எழுப்பி நடக்கவைக்க வேண்டாம்.

பால், முட்டை ஒவ்வாமை பெரும்பாலான குழந்தைகளுக்குப் பள்ளிப் பருவத்துக்குள் விலகிவிடும். நிலக்கடலை ஒவ்வாமை ஐந்தில் ஒருவருக்குத்தான் விலகுகிறது. அதனால்தான் வரும்முன் தடுப்பதில் இவ்வளவு அக்கறை.

அந்த அக்கறைக்குப் பலன் கிடைக்கத் தொடங்கியிருக்கிறது. சிறுவயதிலேயே நிலக்கடலை ஊட்டுங்கள் என்று 2017இல் அமெரிக்காவின் வழிகாட்டுதல் விரிவாக்கப்பட்டது. அதன்பின், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நிலக்கடலை ஒவ்வாமை கண்டறியப்படுவது 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்திருப்பதாக பிலடெல்ஃபியா குழந்தைகள் மருத்துவமனையின் ஆய்வாளர்கள் 2025 அக்டோபரில் தெரிவித்தார்கள். குழந்தைகளுக்கு ஒவ்வாமை தரும் உணவுகள் பற்றிய அவர்களின் பட்டியலில் இப்போது முதலிடத்தில் இருப்பது முட்டை. அதற்கும் 2017இலேயே ஜப்பானில் ஒரு வழி காட்டப்பட்டிருக்கிறது: கரப்பானை மருந்தால் கட்டுக்குள் வைத்தபடி, ஆறு மாதத்திலிருந்து வேகவைத்த முட்டைப் பொடியைத் துளித்துளியாகக் கொடுத்துவந்தார்கள். ஒரு வயதில் முட்டை ஒவ்வாமை இருந்தவர்கள் உண்டவர்களில் 8 சதவீதம், உண்ணாதவர்களில் 38 சதவீதம்.